நியூயார்க்குக்குள்ள 47 ஏக்கரா பண்ணையம்

நியூயார்க்னு சொன்னா உங்களுக்கு வானத்தை முட்டுற கட்டடம்தான் ஞாபகம் வரும். அதே மாநகரத்துக்குள்ள, க்வீன்ஸ் பகுதியில, 47 ஏக்கராவுல இன்னைக்கும் பண்ணையம் நடக்குது. பேரு க்வீன்ஸ் கவுன்டி ஃபார்ம் மியூசியம். 1697-ல இருந்து அங்க வெள்ளாமை உண்டு. மியூசியம்னதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கலப்பையை வச்சிருப்பாங்கன்னு நினைச்சுடாதீங்க. காய்கறி போடுறாங்க, ஆடு கோழி வளர்க்கிறாங்க, தேன் எடுத்து விக்கிறாங்க.

முதல்ல அந்தப் பக்கத்து நிலமெல்லாம் மாட்டினெகாக் என்கிற பூர்வகுடி மக்களோடது. அப்புறம் டச்சு வம்சாவளிக் குடியானவங்க. ஏட்ரியன்ஸ் குடும்பம் 1772-ல கட்டின வீடு இன்னும் அங்க நிக்குது. அந்தக் காலத்து க்வீன்ஸ் பண்ணைகள்ல அடிமைகளும் பாடுபட்டாங்க. நியூயார்க் மாநிலத்துல அடிமை முறை ஒழிஞ்சது 1827-லதான். நிலத்துக்காரர் பேரு வீட்டு மேல நிக்கும், குனிஞ்சு நட்டவன் பேரு எங்கயும் இருக்காது. இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

மாநகரம் பெருத்தப்ப க்வீன்ஸ் குடியானவங்களுக்கு நல்ல காலம். காய்கறியைக் குதிரை வண்டியில ஏத்தி மன்ஹாட்டன் சந்தைக்குக் கொண்டுபோய் வித்தாங்க. ஆனா ரயிலும் ரோடும் வந்ததும் அந்த நகரமே காட்டுக்குள்ள வந்துடுச்சு. சுத்தியிருந்த தோட்டமெல்லாம் வீட்டு மனையாச்சு. இங்க நம்ம பக்கம் காட்டுல வெள்ளைக் கல்லு நட்டு மனை பிரிக்கிறாங்களே, அதேதான்.

அப்ப இது மட்டும் எப்படித் தப்பிச்சது? பழமை மேல பாசம் வச்சு யாரும் காப்பாத்தலை. 1926-ல கிரீட்மூர் அரசு மனநல ஆஸ்பத்திரிக்காக இதை வாங்கினாங்க. நோயாளிகளே பாடுபட்டு ஆஸ்பத்திரிச் சமையலுக்குக் காய்கறி விளைவிச்சாங்க, பூச்செடியும் வளர்த்தாங்க. மண்ணுல வேலை செஞ்சா மனசு தெளியும்னு அப்போ ஒரு வைத்திய முறை.

களை எடுக்கறப்ப மனசு அடங்கும், அது எனக்கும் தெரியும். ஆனா ஒண்ணைச் சொல்லாம விட முடியலை. அந்தக் காலத்து அமெரிக்க அரசு மனநல ஆஸ்பத்திரிகள்ல நோயாளிகளோட வேலைக்குக் கூலி குடுக்கிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது. நான் மழை பெஞ்சா வீட்டுக்குப் போயிடுவேன். அவங்களால போயிருக்க முடியுமா? வைத்தியம் எவ்வளவு, வேலை வாங்கினது எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். ஒண்ணு மட்டும் நிச்சயம். சுத்தி வீடா முளைச்ச காலத்துல, அந்த மண்ணைத் தரிசாப் போடாம வச்சிருந்தது அவங்க கைதான்.

1975-ல ஆஸ்பத்திரிக்கு இந்த நிலம் தேவைப்படலை. ஃபிராங்க் படவான்னு ஒரு மாநில செனட்டர் சட்டம் கொண்டுவந்து, மனைக்குப் போகாம நகரப் பூங்காத் துறைக்கு மாத்தி விட்டார். அக்கம்பக்கத்து ஜனங்களும் கூடவே நின்னாங்க.

இப்ப பள்ளிக்கூடப் பிள்ளைக வண்டி வண்டியா வருது. செப்டம்பர்ல திருவிழா, அப்புறம் மக்காச்சோளக் காட்டுக்குள்ள வழி தேடுற விளையாட்டு. கோடையில பூர்வகுடி மக்கள் பல இடத்துல இருந்து வந்து கூடி, பறை கொட்டி ஆடுறாங்க. பவ்வாவ்னு பேரு. டச்சுக்காரங்களுக்கு முன்னாடி அந்த நிலம் யாரோடதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அது வெறும் வேடிக்கையா இருக்காது.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலும் அதே க்வீன்ஸ்லதான் இருக்கு. உங்க சொந்தக்காரங்க அந்தப் பக்கம் இருந்தா, கோயிலுக்குப் போற நாள்ல பண்ணைக்கும் ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க. அங்க விளைஞ்ச காய்கறியே விக்கிறாங்க.