விரலில் மை, பல்லில் கறை

தேர்தல் நாளன்று கிணத்துக்கடவு தொகுதியில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவர்களின் விரலைப் பாருங்கள். முதலில் ஊதாவாக இருக்கும் மை, வெயில் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது. 1962 பொதுத்தேர்தலில் இருந்து பயன்படும் இந்த மை மைசூரில் தயாராகிறது. இதில் உள்ள முக்கியமான சரக்கு வெள்ளி நைட்ரேட்.

இதே வெள்ளி நைட்ரேட் ஒரு காலத்தில் சொத்தைப் பல்லுக்கு மருந்து! அது விட்டுப்போன கறையோடு பல் மருத்துவர்கள் மல்லுக்கட்டிய கதைதான் இது.

வாயில் உள்ள கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. ஆரம்பத்தில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். குழி விழுவதெல்லாம் பிறகுதான். குழி விழுவதற்குள் கிருமியைக் கொல்ல வேண்டும் என்பதே அன்றைய மருத்துவர்களின் எண்ணம். 1908ல் அமெரிக்காவின் ஜி.வி.பிளாக், பால் பற்களின் சொத்தைக்கு வெள்ளி நைட்ரேட் தடவுவதைப் பற்றி எழுதினார். 1917ல் பெர்சி ஹோவ் அதில் அமோனியாவைச் சேர்த்தார். சொத்தை நின்றது, ஆனால் பல் கறுத்தது.

அடுத்து வந்தது ஃபுளோரைடு. 1956ல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த கிரெஸ்ட் பற்பசையில் இருந்தது வெள்ளீயம் கலந்த ஃபுளோரைடு. அதுவும் சிலருக்குப் பழுப்புக் கறையை உண்டாக்கியது. ஆனால் அது மேலோட்டமான கறை. பல் மருத்துவர் தேய்த்து மெருகேற்றினால் போய்விடும். வெள்ளிக் கறை அப்படி அல்ல, அது சொத்தைக்குள்ளேயே இறங்கிவிடும்.

வெள்ளியையும் ஃபுளோரைடையும் ஒன்றாகச் சேர்த்தவர்கள் ஜப்பானியர்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தில் மிசுஹோ நிஷினோ 1969ல் செய்த ஆய்வை அடுத்து, 1970ல் 'சஃபோரைடு' என்ற பெயரில் மருந்து வந்தது. வெள்ளி டைஅமைன் ஃபுளோரைடு என்பது அதன் ரசாயனப் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது பழைய காலத்தில் அழகு! 'ஒஹகுரோ' என்ற அந்த வழக்கத்தைப் பிரபுக்கள் கைவிட வேண்டும் என்று அரசு தடை போட்டது 1870ல். சரியாக நூறு வருடம் கழித்து, பல்லைக் கறுப்பாக்கும் மருந்து அதே நாட்டில் இருந்து வந்தது.

இந்த மருந்தில் வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃபுளோரைடு பல்லை இறுக்குகிறது. ஊசி வேண்டாம், துளைபோடும் மெஷின் வேண்டாம், ஒரு சொட்டைத் தடவினால் போதும். பயந்து அழும் சின்னக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது? அமெரிக்கா 2014ல்தான் அனுமதித்தது, அதுவும் பல் கூச்சத்துக்கு என்று. 2021ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சரி, கறைக்கு என்ன வழி? சாதாரணமாகப் பல்லை வெளுக்க வைக்கும் பெராக்சைடு இந்த வெள்ளிக் கறையிடம் தோற்றுப்போகிறது. ஆஸ்திரேலியாவில் கிரஹாம் கிரேக் முதலானவர்கள் வேறு வழி பார்த்தார்கள். மருந்து தடவிய உடனே பொட்டாசியம் அயோடைடைத் தடவினால், மிச்சமிருக்கும் வெள்ளி வெளிர்நிற வெள்ளி அயோடைடாக மாறிவிடும். கறை குறைகிறது. ஆனால் நாளாக ஆக மறுபடி கறுப்பதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. அதனால் பல்லின் நிறத்திலேயே உள்ள சிமெண்டால் கறையை மூடிவிடுவதே பலரும் கையாளும் வழி.

இத்தனை பாடு எதற்கு? விசேஷ வீட்டில் ஒரு அப்பத்தா, "ஏங் கண்ணு, பல்லெல்லாம் இப்படிக் கருத்துப்போச்சு?" என்று கேட்டுவிட்டால் குழந்தை அப்புறம் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே மருந்து வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. ஆனால் நல்ல எனாமல் இந்த மருந்தால் கறுப்பதில்லை, சொத்தை விழுந்த இடம்தான் கறுக்கும். அங்கே கறுத்து இறுகிவிட்டால் சொத்தை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

விரலில் வைத்த மை நகம் வளர வளரப் போய்விடும். பல் வளராது, கறை நிற்கும். ஆனால் பால் பல் எப்படியும் ஒருநாள் விழும், கறையும் அதோடு போகும். அதுவரை அந்தப் பல் வலியில்லாமல் இருந்தால் போதாதா?