ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள்

குடிநோயிலிருந்து விடுபட விரும்புவோர் குறித்த நாளில் கட்டணமின்றிக் கூடி, தம் அனுபவத்தைப் பகிர்ந்து ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் கூட்டங்கள். இவற்றை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1935இல் தோன்றியது.

குடிப்போர் தாமே திரண்டு குடியை விடும் முயற்சி அதற்கு முன்பும் உண்டு. 1840இல் பால்டிமோர் நகர மதுக்கடை ஒன்றில் ஆறு பேர் சேர்ந்து தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் சில ஆண்டுகளில் பெரிதாகப் பரவியது. ஆனால் மதுவிலக்கு அரசியலிலும் பிற சீர்திருத்தச் சச்சரவுகளிலும் சிக்கி அதே வேகத்தில் கரைந்தது. பொதுப் பிரச்சினைகள் எதிலும் கருத்துக் கூறுவதில்லை என்று ஏ.ஏ. பிற்காலத்தில் விதித்துக்கொண்டதற்கு இந்த முன்னுதாரணமே வலுவான நியாயமாயிற்று.

ஏ.ஏ.யைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான நியூயார்க்கின் பங்குச்சந்தை ஆய்வாளர் பில் வில்சன் 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்து குடியை நிறுத்தினார். தனிமனித ஒழுக்கத் திருத்தத்தை வலியுறுத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்னும் கிறித்தவ இயக்கத்தின் தொடர்பும் அவருக்கு அப்போது இருந்தது. ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டியில் தோற்று, 1935 மே மாதத்தில் ஆக்ரனின் மேஃபிளவர் விடுதிக் கூடத்தில் அவர் தனியே நின்றபோது, ஒருபுறம் மதுக்கூடத்தின் இரைச்சலும் மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் இருந்தன. பட்டியலிலிருந்த ஒரு போதகரை அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று அவர் கேட்க, அந்தத் தொடர்பு ஹென்ரியேட்டா சீபர்லிங் என்னும் பெண்மணி வழியாக டாக்டர் பாப் ஸ்மித்திடம் கொண்டு சேர்த்தது. அறுவை மருத்துவரான ஸ்மித் கால் மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை என்ற நிபந்தனையோடு வந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை மீண்டும் குடித்த அவர், அறுவை சிகிச்சைக்குமுன் கை நடுக்கம் அடங்க வில்சன் கொடுத்த பீரோடு நிறுத்திக்கொண்ட ஜூன் 10ஆம் நாளே அமைப்பின் பிறந்தநாள். மருத்துவரோ போதகரோ எட்ட முடியாத இடத்தை இன்னொரு குடிநோயாளி எட்டுகிறார் என்பதே இச்சந்திப்பிலிருந்து பிறந்த கொள்கை. கூட்டத்தின் அமைப்பு முழுவதும் அதன் விரிவேயாகும்.

தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் கூட்டங்களுக்குள்ளேயே இயங்கியவர்களில் கிளீவ்லாந்துக்காரர்கள், கத்தோலிக்கர்களுக்கு அங்கு இடமில்லாத நிலையில், 1939 மே மாதத்தில் பிரிந்து தனிக் கூட்டம் தொடங்கினர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரை முதலில் சூடிக்கொண்ட குழு இதுவே. அதே ஆண்டு ஏப்ரலில், குடியிலிருந்து மீளும் வழியாக அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளை விளக்கும் அதன் மூலநூல் வெளிவந்திருந்தது. 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரையால் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 2,000இலிருந்து ஆண்டிறுதிக்குள் 8,000 ஆயிற்று. குழுக்களின் உறவை வரையறுக்கும் பன்னிரண்டு மரபுகள் 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினர் தகுதி என்பது அவற்றுள் மூன்றாவது.

கூட்டங்கள் திறந்தவை, மூடியவை என இருவகைப்படும். முன்னதில் குடும்பத்தினரும் மாணவரும் அமரலாம். பின்னது குடிப்பிரச்சினை உடையோருக்கு மட்டும். பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும் கூட்டத்தில் பேசுபவர் தம் முதற்பெயரை மட்டும் கூறித் தம் கதையைச் சொல்வார். அவரை இடைமறிப்பதோ அவருக்கு அறிவுரை வழங்குவதோ வழக்கமில்லை. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். இறுதியில் சுற்றிவரும் காசுத் தட்டில் உறுப்பினர் இயன்றதை இடுவர், புதியவரிடம் எதிர்பார்ப்பதில்லை. வெளியார் நன்கொடையை அமைப்பு ஏற்பதில்லை. படிகளில் துணைவரும் அனுபவமிக்க உறுப்பினர் ஸ்பான்சர் எனப்படுவார். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்ற பழக்கம் அமெரிக்கக் குழுக்களில் புதியவருக்குச் சொல்லப்படுகிறது, விதியன்று. படிகளில் வரும் கடவுள் என்பது அவரவர் புரிந்துகொண்ட கடவுளே என்று மூலநூல் தெளிவாகக் கூறுகிறது. தான் மத அமைப்பன்று என்பதே ஏ.ஏ.யின் நிலைப்பாடு.

கூட்டத்தைக் கண்டறிய, ஒரு பகுதிக் குழுக்களை இணைக்கும் இன்டர்குரூப் அலுவலகத்தின் தொலைபேசி, மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவு, அமைப்பின் இணையதளம் ஆகியவை துணைபுரியும். இடம் பெரும்பாலும் தேவாலயக் கூடமோ பள்ளி அறையோ ஆகும். அந்தத் தேவாலயமோ பள்ளியோ இடத்தை வாடகைக்கு விடுவதேயன்றிக் கூட்டத்தை நடத்துவதில்லை. முதற்கூட்டம் ஒத்துவரவில்லையெனில் வேறு குழுவில் சில முறை அமர்ந்து பார்க்கச் சொல்வது வழக்கம், ஏனெனில் குழுவுக்குக் குழு நடையும் மாறும், ஆட்களும் மாறுவர். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால் அந்நிலையில் மருத்துவரே முதலில் தேவை.

குடிநோயாளியின் குடும்பத்தினருக்கான அல்-அனான், வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் அமைத்தது. குடிநோய்ச் சிகிச்சையைப் பொறுத்தவரை, சென்னையில் டி.டி. ரங்கநாதன் நினைவாக சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய சிகிச்சை நிலையம் தமிழகத்துச் சிகிச்சை நிலையங்களுள் முன்னோடியாகும். 10,000க்கு மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, கையேட்டின்படி நடத்தப்பட்டு ஏ.ஏ. கூட்டங்களில் சேர ஊக்குவிக்கும் பன்னிரண்டு படிச் சிகிச்சை, தொடர்ந்து குடியாமலிருப்பதில் பிற சிகிச்சைகளை விஞ்சுவதாகக் கண்டது. அதே ஆண்டு கொரோனாத் தொற்றால் காணொலிக் கூட்டங்கள் பெருகின. தற்போது நேர்க்கூட்டங்களும் காணொலிக் கூட்டங்களும் உண்டு.