முக்காலே மூன்று வீசம்

ஒரு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, எஞ்சியிருப்பது மிகச் சிறிதே என்று கூற விரும்பும் தமிழர், ‘முக்காலே மூன்று வீசமும் முடிந்தது’ என்பர். நாள்தோறும் வழங்கும் இத்தொடரினுள்ளே ஒரு கழித்தற் கணக்கு ஒளிந்திருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வீசமாவது பதினாறில் ஒரு பங்கு. முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். அதனோடு மூன்று வீசம் கூடப் பதினைந்து வீசமாகும். முழுமையாகிய ஒன்றுக்கு இன்னும் ஒரு வீசமே குறை. ஒன்றிலிருந்து ஒரு வீசம் போனால் மீதி யாது என்னும் வினாவின் விடையே மக்கள் நாவில் மரபுத் தொடராக நிலைத்துவிட்டது.

முழு எண்ணிலிருந்து பின்னத்தைக் கழிக்கும் இக்கணக்கு, எளியது போலத் தோன்றிப் பிள்ளைகளை இடறச் செய்வது. மூன்றிலிருந்து காலைக் கழிக்குமாறு சொன்னால், மூன்றில் ஒன்று போக இரண்டு, கீழே நான்கு, ஆகவே நான்கில் இரண்டு என்று எழுதிவைக்கும் பிள்ளைகள் எல்லா நாட்டு வகுப்புகளிலும் உளர். மூன்று மாம்பழத்திற் கால் பழத்தைத் தின்றால் அரைப் பழந்தானா மிஞ்சும் என்று கேட்டால் அதே பிள்ளை நகைக்கும். கையிற் பழம் இருக்கும்போது தெரிகின்ற உண்மை, கற்பலகைக்கு வந்ததும் மறைந்துவிடுகின்றது. ஆசிரியர் சிலர் இதனைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவர். அது கவனக்குறைவன்று. காலுக்குக் கீழே நான்கு என்னும் பகுதியெண் கண்ணுக்குத் தெரிகின்றது. மூன்றுக்குக் கீழே யாதும் தெரியவில்லை. முழுமையை எத்தனை துண்டாக்குவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்தல் வேண்டும். அங்கேதான் இடர்ப்பாடு. அந்த இடர்ப்பாட்டை முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பது ஒரு நீண்ட வரலாறு.

இற்றைக்கு ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னர், எகிப்து நாட்டில் ஆமெஸ் என்னும் எழுத்தன் பழைய கணக்குச் சுவடியொன்றைப் பார்த்துப் பப்பைரசுச் சுருளிற் படியெடுத்தான். ரைண்ட் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1858ஆம் ஆண்டில் எகிப்திலே விலைக்கு வாங்கிய அச்சுருள் பின்னர் பிரித்தானிய நூதனசாலையைச் சென்றடைந்தது. அதில் ‘ஒன்றை நிரப்புக’ என்னும் கருத்தில் அமைந்த கணக்குகள் உள. மூன்றில் இரண்டும் பதினைந்தில் ஒன்றும் கையில் உள்ளன. ஒன்றாவதற்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆமெஸ் பதினைந்தை அளவாக வைத்துக்கொள்கின்றான். பதினைந்தில் மூன்றில் இரண்டு பத்து, பதினைந்தில் ஒன்று ஒன்று, ஆகப் பதினொன்று, குறை நான்கு. அந்த நான்கை மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து, ஐந்தில் ஒன்றும் பதினைந்தில் ஒன்றும் என விடை கூறுகின்றான். இத்தகைய துணை எண்களைச் சிவப்பு மையினால் எழுதுவது எகிப்தியர் வழக்கு. அவன் கழித்தான் என்பதிலும் நிரப்பினான் என்பதே பொருந்தும். ஆயினும், முழுமையை ஏற்ற துண்டுகளாக மனத்தில் உடைத்த பின்னரே அவன் கணக்கும் நகர்ந்தது.

பாரத நாட்டார் வேறொரு வழி கண்டனர். பெஷாவருக்கு அண்மையிலுள்ள பக்ஷாலி என்னும் ஊரில் 1881ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த மரப்பட்டைச் சுவடியில், பின்னங்கள் ஒரெண்ணின் கீழ் ஓரெண்ணாக, இடையிற் கோடின்றி எழுதப்பட்டுள்ளன. முழு எண்ணுக்குக் கீழேயும் ஒன்று என்று இட்டிருக்கின்றனர். பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாதிருந்த பகுதியெண் இங்கே வெளிப்பட்டுவிட்டது. வேடிக்கை யாதெனில், கழிக்கப்படும் எண்ணுக்கு அச்சுவடி இடுகின்ற அடையாளம் இக்காலத்துக் கூட்டற் குறியை ஒத்த சிலுவைக் குறியாகும்! 1150ஆம் ஆண்டளவில் லீலாவதியை இயற்றிய பாஸ்கராசாரியர், முழு எண்ணிற் பின்னத்தைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் தனித்தனிப் பெயரிட்டு விதி வகுத்தார். காலாற் குறைந்த மூன்று என்பது அவர் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. மூன்றை நான்காற் பெருக்கப் பன்னிரண்டு. அதில் ஒன்று போகப் பதினொன்று. ஆகவே நான்கிற் பதினொன்று. பள்ளிக்கூடங்களில் இன்றும் கற்பிக்கப்படும் விதி இதுவே.

விதி பிழையற்றது, எந்தப் பின்னத்துக்கும் செல்லுபடியாவது. எனினும் ஒரு முந்திரியைக் குறைப்பதற்காக ஐந்து முழுமைகளையும் சுக்குநூறாக்குவது அவ்விதி. ஆயிரத்திலிருந்து காலைக் கழிக்கவேண்டின் ஆயிரத்தையும் உடைத்தல் வேண்டும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் ஈழநாட்டில் சட்டம்பியார் நடத்திய பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகளுக்கு இதனினும் சிக்கனமான வழி வாய்த்திருந்தது.

அப்பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியும், எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்தும் கணக்குக் கற்றனர். ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாய் இலக்கம்; ஒன்றிற் குறைந்தன கீழ்வாய் இலக்கம். கீழ்வாய் இலக்கத்தில் இரண்டு குடும்பங்கள் உள. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைந்து செல்வது ஒன்று. இருபதில் ஒன்றாகிய மாவையும், அதன் காற் பங்காகிய காணியையும் கொண்டது மற்றொன்று. பதினாறையும் இருபதையும் பெருக்க வருவது 320. அந்த 320இல் ஒரு பங்கே முந்திரி. வீசத்தில் இருபது முந்திரி, மாவிற் பதினாறு முந்திரி, காணியில் நான்கு முந்திரி என்று இரு குடும்பங்களும் முந்திரியிலே சந்தித்துக்கொள்ளுமாறு முன்னோர் அமைத்த திறம் வியக்கத்தக்கது. நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் அளந்த காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இவ்விலக்கங்களின் துணையாலேயே இயங்கின. இவற்றுக்குத் தனித்தனிக் குறிகளும் இருந்தன. எட்டின் குறி ‘அ’. காலின் குறி ‘வ’. இவ்விரண்டையும் சேர்த்து ‘அவ’ என்று படிக்கவைத்து ஒருவரை வைத நயம், ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் உண்டு. முழு எண்ணும் பின்னமும் இடையிலே குறி எதுவுமின்றி அடுத்தடுத்து நிற்பதை அந்த வசவிலும் காணலாம்.

இனி, ஒன்றிலிருந்து ஒரு மா போகட்டும். மீதி முக்காலே நாலுமா. ஒரு காணி போகட்டும். மீதி முக்காலே நாலுமா முக்காணி. ஒரு முந்திரி போனாலோ, முக்காலே நாலுமா முக்காணி அரைக்காணி முந்திரி. கேட்பதற்கு மந்திரம் போல ஒலிக்கும் இவ்விடையைக் கூர்ந்து நோக்கினால் வழி தெளிவாகும். ஒன்றை முக்காலும் காலும் ஆக்கி, முக்காலை ஒருபுறம் வைத்தாயிற்று. எஞ்சிய கால் ஐந்து மா. அதில் நாலுமாவை அப்பால் வைத்து ஒரு மாவை மட்டும் உடைக்கவேண்டும். ஒரு மா நாலு காணி. முக்காணியை வைத்து ஒரு காணியை உடைக்கவேண்டும். காணியில் அரைக்காணி போக, மற்ற அரைக்காணி இரண்டு முந்திரி. ஒன்றைக் கொடுத்தால் ஒன்று மீதி. முந்திரிகளாக எண்ணிப் பார்த்தாலும் 240, 64, 12, 2, 1 சேர்ந்து 319 ஆகின்றது. ஐந்திலிருந்து முந்திரி போவதாயின், நான்கைத் தொடவே வேண்டியதில்லை. விடையின் தலைப்பில் நாலே என்று சேர்த்தாற் போதும். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே உடைப்பது இம்முறை. பெரிய நாணயத்தை மாற்றிச் சில்லறை கொடுக்கும் வணிகன் செய்வதும் இதுவே.

இம்முறைக்குக் குறை இல்லாமலில்லை. 320ஐ மூன்றால் வகுத்தால் மிச்சமின்றிப் போகாது; ஆகவே மூவர்க்குச் சமபங்கு வைக்கும்போது முந்திரிக் கணக்கு இடறும். பிள்ளை நெட்டுருச் செய்யவேண்டிய வாய்பாடும் மிகப் பெரிது. பொருள் விளங்காமல் ஒப்பித்தவனுக்கு வாய்பாடு வெறும் ஓசையாகவே நின்றிருக்கும். ஆனால் காணியும் மாவும் அவன் தந்தையின் வயலிலும் களத்திலும் வழங்கிய அளவுகள் ஆதலால், அந்த ஓசைக்குப் பின்னே ஒரு பொருள் இருந்தது. அச்சுப் புத்தகமும் கற்பலகையும் வந்தபின் விதி நிலைத்தது, வயல் விலகிப்போயிற்று.

ஐரோப்பாவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1585ஆம் ஆண்டில் சைமன் ஸ்டெவின் என்பவர் சிறு நூலொன்றை வெளியிட்டு, எல்லாவற்றையும் பத்துப் பத்தாகவே உடைக்கலாம், நாணயங்களையும் அளவைகளையும் அவ்வாறே அமைக்கலாம் என்று எடுத்துரைத்தார். அவருடைய நாணய யோசனை அரசுகளின் செவியில் ஏற நெடுங்காலம் சென்றது. பிரித்தானியரின் பவுண், 240 பென்சாக 1971ஆம் ஆண்டு வரை நீடித்தது. இந்திய ரூபாய் பதினாறு அணாவாக இருந்தது. அணா என்பது ரூபாயில் ஒரு வீசமே. ஆகவே பதினைந்தணாவைக் கையில் வைத்திருந்தவன் முக்காலே மூன்று வீசத்தையே கையில் வைத்திருந்தான். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி அங்கே ரூபாய் நூறு பைசாவாயிற்று. இலங்கையோ அதற்கு 85 ஆண்டுகள் முந்திக்கொண்டது. 1872ஆம் ஆண்டிலேயே இங்கு ரூபா நூறு சதமாகிவிட்டது.

சதங்கள் புழங்கிய நாளில், அறுபத்தைந்து சதத்துக்குப் பொருள் கொடுத்து ஒரு ரூபாவைப் பெற்றுக்கொண்ட கடைக்காரர், நூறிலிருந்து அறுபத்தைந்தைக் கழித்துக்கொண்டு நிற்கவில்லை. ஐந்து சதத்தை முதலில் வைத்து எழுபது என்பார். ஐந்து சதத்தை மேலும் வைத்து எழுபத்தைந்து என்பார். பின்னர் இருபத்தைந்து சதக் குற்றியை வைத்து, ஒரு ரூபா என்று முடிப்பார். நைல் நதிக் கரையில் ஆமெஸ் சிவப்பு மையினால் எழுதிச் செய்த கணக்கு அதுவே.