கையில் என்ன மிஞ்சும்?

பணம் இல்லாதவனுக்கு ஒரே கவலை. அது எப்போது வரும் என்பது. எதிர்பாராமல் பணம் வந்துவிட்டவனுடைய கவலைக்கோ கிளைகள் பல. இந்த உண்மையை எனக்குப் புரிய வைத்தவர் என் நண்பர் ஒருவர்.

முப்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவர் அவர். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு ஐரோப்பாவின் படத்தை வரைவார். ஆனால் இராமேசுவரத்துக்கு அப்பால் கடல் தாண்டியதில்லை. அவருடைய பாட்டனார் காலத்து மேட்டு நிலம் ஒன்று, எள்ளுகூட விளையாமல் கிடந்தது. புறவழிச் சாலைக்காக அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு நஷ்டஈடும் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. வாழ்நாளெல்லாம் வாயால் சொன்ன ஊர்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அவருடைய மனைவியின் வாதமும் லேசானதல்ல.

"மாடி கட்டினால் வாடகை வரும். பாங்கியில் போட்டால் வட்டி வரும். ஊரைச் சுற்றிவிட்டு வந்தால் கையில் என்ன மிஞ்சும்? நீங்களே சொல்லுங்கள், தம்பி" என்று அந்த அம்மாள் என்னிடம் வழக்கைக் கொண்டுவந்தார்.

பணம் தேடுவதற்குக் கடல் கடக்கலாம் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்த பணத்தைச் செலவழிப்பதற்குக் கடல் கடக்கலாமா என்பதைப் பற்றி அவர்கள் வாயைத் திறக்கவில்லை. நானோ கதை எழுதுகிறவன்; கணக்குப் போடத் தெரியாதவன். ஆகவே அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். கற்பனை அல்ல, நடந்த கதை.

பிரஷ்யா தேசத்தில் 1769-ஆம் வருஷம் பிறந்தவர் அலெக்ஸாண்டர் ஹம்போல்ட். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் செல்வம் உள்ளவர், கண்டிப்பும் உள்ளவர். அண்ணன் வில்ஹெல்மும் தம்பி அலெக்ஸாண்டரும் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் தீர்மானம். இளையவருக்கோ செடி கொடி, பூச்சி, பாறை இவற்றின்மேல் பித்து. தொலைதூர தேசங்களின்மேல் தாகம். ஆனாலும் தாய் சொல்லைத் தட்டாமல் 1792-ல் சுரங்க இலாகாவில் சேர்ந்தார்.

வேண்டா வெறுப்பாகச் சேர்ந்தவர் வேலையை வேண்டா வெறுப்பாகச் செய்யவில்லை. சுரங்கத்து நச்சுக் காற்றில் தொழிலாளர்கள் மடியாமல் இருக்க விளக்கும் சுவாசக் கருவியும் செய்து பார்த்தார். 1793-ல் அவர்களுக்காகத் தம் சொந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடமே திறந்தார். மேலதிகாரிகள் மெச்சினார்கள். இன்னும் பத்து வருஷம் பொறுத்திருந்தால் இலாகாவின் உச்சியில் அமர்ந்திருப்பார்.

1796 நவம்பரில் தாயார் காலமானார். அலெக்ஸாண்டரின் பங்குக்கு வந்த சொத்து ஏறக்குறைய ஒரு லட்சம் தாலர். தாலர் என்பது அக்காலத்து வெள்ளி நாணயம். மூக்குக்கும் காதுக்கும்கூடப் பொன்முலாம் பூசிக்கொள்ளலாம் என்று அவரே ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதினார். வட்டியை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கலாம். நிலம் வாங்கிப் பிரபுவாக இருக்கலாம். இருபத்தேழு வயதுப் பிள்ளையாண்டான் என்ன செய்தார் தெரியுமா? உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்தார். முதலையே எடுத்துச் செலவழித்து வெளி உலகத்தைப் பார்ப்பது என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டிவிட்டால் கப்பல் வந்துவிடுமா? இதை என் நண்பர் கவனித்துக் கேட்க வேண்டும் என்று சற்று நிறுத்திச் சொன்னேன். கையில் பணம் இருந்தும் ஹம்போல்ட் ஏறக்குறைய இரண்டரை வருஷம் காத்திருந்தார். ஐரோப்பா முழுவதும் யுத்தம். ஆங்கிலப் பிரபு ஒருவருடன் எகிப்துக்குப் போக ஏற்பாடு செய்தார். நெப்போலியன் அங்கே படையெடுத்துப் போனதில் அது பாழாயிற்று. பிரெஞ்சு அரசாங்கத்தின் உலகப் பிரயாணக் கப்பலில் இடம் கிடைக்கும்போல் இருந்தது; யுத்தச் செலவை உத்தேசித்து அந்தப் பிரயாணத்தையே ஒத்தி வைத்துவிட்டார்கள். மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் ஒரு ஸ்வீடன் தேசத்துக் கப்பலுக்காக வாரக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கப்பலோ வழியில் சேதமாகிவிட்டது. அந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. கருவிகள் வாங்கினார், மலைகளை அளந்து பழகினார். எமே பொன்பிளான் என்ற இளம் பிரெஞ்சு வைத்தியரைத் துணை சேர்த்துக்கொண்டார். பொன்பிளானுக்குச் செடிகளைப் பற்றி நிறையத் தெரியும்; கையில் காசு கிடையாது. அவருடைய செலவும் ஹம்போல்டுடையதுதான்.

இருவரும் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்த ஸ்பானிஷ் ராஜ்யங்களில் அந்நியர்களைச் சுலபத்தில் நுழைய விடாத காலம் அது. 1799 மார்ச்சில் ஹம்போல்ட் அரசர் நான்காம் கார்லோஸைப் பேட்டி கண்டார். அனுமதிச் சீட்டு கிடைத்தது. எங்கும் போகலாம், எதையும் அளக்கலாம். இவ்வளவு தாராளம் எப்படி வந்தது? அந்த மனிதர் கஜானாவிலிருந்து ஒரு காசும் கேட்கவில்லை! தம் செலவில் போகிறவனைத் தடுப்பதற்கு அரசருக்குக் காரணம் தோன்றவில்லை.

1799 ஜூன் 5-ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட கருவிகள் பெட்டி பெட்டியாக ஏறின. வானத்தின் நீலத்தை அளப்பதற்குக்கூட ஒன்று இருந்தது. கப்பலில் விஷக் காய்ச்சல் பரவவே, போக வேண்டிய ஊரை விட்டு இன்றைய வெனிசூலாவில் உள்ள கூமானாவில் இறங்கினார்கள். புதிய உலகத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு சந்தை. மாட்டுச் சந்தை அல்ல, மனிதச் சந்தை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இளைஞர்களின் உடம்பு பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார்கள். நட்சத்திரத்தையும் பூவையும் பார்க்கப் போனவர் கண்ணில் இதுவும் பட்டது. கடைசி வரை கண்ணை விட்டு அகலவில்லை.

பிறகு ஐந்து வருஷம். ஓரினோகோ நதியில் கொசுக்கடிக்கு நடுவே தோணிப் பிரயாணம். அந்த நதிக்கும் அமேசானின் கிளைக்கும் இயற்கையாகவே நீர்வழித் தொடர்பு இருப்பதை அளந்து நிச்சயப்படுத்தினார். வலென்சியா ஏரியில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று ஊரார் கேட்டபோது, சுற்றியிருந்த காட்டை நீங்கள் வெட்டியதுதான் ஒரு காரணம் என்றார். மரத்துக்கும் மழைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை இன்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். அவர் 1800-ஆம் வருஷத்திலேயே பேசினார். 1802 ஜூனில், உலகத்திலேயே உயரமானது என்று அப்போது எண்ணப்பட்ட சிம்பொராசோ மலையில் ஏறினார். ஈறுகளில் ரத்தம் கசிய, சுமார் 19,000 அடி வரை போய், பிளவு ஒன்று குறுக்கிட்டதால் திரும்பினார். மெக்ஸிகோவில் ஒரு வருஷம் இருந்தார். அமெரிக்காவில் ஜனாதிபதி ஜெபர்ஸனைச் சந்தித்தார். 1804 ஆகஸ்டில் பிரான்ஸ் வந்து சேர்ந்தார்.

"சரி, கையில் என்ன மிஞ்சியது?" என்று அம்மாள் விடாமல் கேட்டார்.

மிஞ்சியதும் கரைந்தது என்பதுதான் பதில். கொண்டுவந்த விஷயங்களைப் பாரிஸில் சித்திரங்களுடன் அச்சிட்டார். சுமார் முப்பது பெரிய நூல்கள். முடிக்க முப்பது வருஷம் பிடித்தது. எஞ்சிய சொத்து அதில் தீர்ந்தது. பிரஷ்ய அரசர் கொடுத்த உபகாரச் சம்பளத்தை நம்பி வாழ நேர்ந்தது. 1827-ல் அரசர் கூப்பிட்டனுப்பியதும், பாரிஸை விட மனமில்லாமல் பெர்லினுக்குத் திரும்பி, அரண்மனையில் விருந்து வேளைகளில் பேச்சுத் துணையாக உட்கார வேண்டியிருந்தது. முதலைச் செலவழித்ததற்குக் கொடுத்த விலை இது. அதை மறைப்பது நியாயமல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு நம் தேசத்துக்கு வந்து இமயத்தை அளக்க வேண்டும் என்று ஆசை. 1814 முதல் சில தடவை லண்டனுக்குப் போய்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிக்கு முயன்றார். ஒரு கட்டத்தில் பிரஷ்ய அரசர் பணம் தரவும் முன்வந்தார். ஆனால் அனுமதி கடைசி வரை கிடைக்கவில்லை. குடியேற்ற ஆட்சிகளின் கொடுமையை எழுதியவரைக் கம்பெனி உள்ளே விட விரும்பவில்லை என்றுதான் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கருதுகிறார்கள்.

1829-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் செலவில் சைபீரியா வரை போனார். வண்டி, குதிரை, மரியாதை எல்லாம் ராஜோபசாரம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கல்லையும் மண்ணையும் பற்றி எழுதலாம்; குடியானவர்கள் அங்கே அடிமைகளாக உழல்வதைப் பற்றி எழுதக் கூடாது. ஹம்போல்ட் ஒப்புக்கொண்டார். சொந்தப் பணத்தில் போன தேசத்தைப் பற்றியோ அவர் வாயை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. கியூபாவைப் பற்றி 1826-ல் எழுதிய நூலில் அடிமை வாணிகத்தைக் கிழித்து எறிந்தார். 1856-ல் நியூயார்க்கில் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அந்த அத்தியாயத்தை மட்டும் கத்தரித்துவிட்டார். எண்பத்தாறு வயதுக் கிழவர் கொதித்தெழுந்து பத்திரிகைக்கு எழுதினார். நட்சத்திரங்களை அளந்ததைவிட அந்தப் பகுதிதான் தமக்கு முக்கியம் என்றார்.

தாயின் பணம் அவருக்குக் கப்பல் சீட்டு மட்டும் வாங்கிக் கொடுக்கவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லும் உரிமையையும் வாங்கிக் கொடுத்தது. அவருடைய பிரயாண நூலைப் படித்துப் படித்து வெறிகொண்ட சார்லஸ் டார்வின் என்ற இளைஞர், 1831-ல் கப்பலேறியபோது அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் நடந்தது உலகறிந்தது.

1859 மே 6-ஆம் தேதி ஹம்போல்ட் காலமானார். அப்போது அவருக்குக் கடன் இருந்தது. வீட்டுச் சாமான்களும் புத்தகங்களும் முன்பே அவருடைய பணியாளுக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தன.

நான் கதையை முடித்தேன். நண்பர் முகத்தில் ஒரே பிரகாசம். அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை.

"அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா?" என்றார் பிறகு.

"இல்லை."

"அதுதானே பார்த்தேன்!"

என் நண்பரின் பிரகாசம் சற்று மங்கியது. நானும் பேச்சிழந்தேன். முப்பது நூல்களையும் சிம்பொராசோ மலையையும் அந்த ஒரு வாக்கியம் சாய்த்துவிட்டதுபோல் இருந்தது. பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் பணம் அவன் ஒருவனுடைய பணம் அல்லவே!

அம்மாள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படியில் நின்று திரும்பி, கணவரைப் பார்த்துக் கேட்டார்:

"மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் போட்ட கணக்கு ஒரு டிக்கெட்டுக்கா, இரண்டு டிக்கெட்டுக்கா?"

சரித்திர ஆசிரியர் விழித்தார். முப்பது வருஷமாகப் படம் வரைந்தவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. கணக்கைத் திருத்தி எழுத அன்று மாலையே உட்கார்ந்துவிட்டார் என்று கேள்வி.