விடுமுறையில் மொழி வகுப்பு, கூடவே பைபிள்: வண்டிப்பெரியாரின் புதியவர்களுக்கு எது உதவும்?

டிசம்பர் வந்தால் வண்டிப்பெரியார் ரோட்டில் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, சத்திரம், புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடக்கிற ஐயப்ப பக்தர்கள். இன்னொன்று, கிறிஸ்துமஸ் சாமான் வாங்க டவுனுக்கு இறங்குகிற எஸ்டேட் குடும்பங்கள். அந்தக் குடும்பங்களில் ஒரு பகுதி ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவை. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.

வேலைக்கு வந்த ஊரின் மொழியை அவர்கள் எப்போது கற்றுக்கொள்வது? ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களும்தான். அந்த நாட்களில் திறந்திருக்கிற கூடம் பல ஊர்களில் சர்ச்சுடையது. அதனால்தான் ‘இலவச இங்கிலீஷ் வகுப்பு, கூடவே பைபிள்’ என்ற ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது. இது உதவியா, பிரசாரமா? சட்டம் என்ன சொல்கிறது?

புதியவர்கள் எத்தனை பேர்?

கேரளாவில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் என்று குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-ல் மதிப்பிட்டது. 2017-18-ல் அது 31 லட்சத்தைத் தாண்டியதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அரசு இவர்களை ‘அதிதி தொழிலாளிகள்’, அதாவது விருந்தினர்கள் என்று அழைக்கிறது.

ஆனால் வண்டிப்பெரியாருக்கு இது முதல் அலை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீர்மேடு மலையில் காபியும் பிறகு தேயிலையும் வந்தபோது, கீழே சமவெளியிலிருந்து ஏறி வந்த புதியவர்கள் தமிழர்கள். நம்ம தாத்தா பாட்டி தலைமுறையின் கதைதான் இன்று வேறு மொழியில் நடக்கிறது.

மொழி தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?

சம்பளச் சீட்டில் கொழுந்து எடையும் பிடித்தமும் சரியா என்று பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் வலி எங்கே என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைக் காட்டும் முக்கோணம் இருக்கும். சிவப்புதான் மிக ஆபத்தானது. அதை யாராவது புரிகிற மொழியில் சொல்லித் தந்தால்தானே தெரியும்?

இங்கே சிக்கல் இன்னொரு படி கூடுதல். பக்கத்து லயத்தில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், மருந்துச் சீட்டில் இங்கிலீஷ். வந்தவர் வீட்டில் பேசுவதோ சாத்ரியாகவோ பெங்காலியாகவோ இருக்கலாம்.

பைபிள் எப்படி மொழி வகுப்புக்குள் வந்தது?

இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கினார். வாரம் முழுக்க வேலை செய்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. படிக்கக் கற்றுத்தரும் புத்தகமாக பைபிளே இருந்தது. நம்ம பக்கத்திலும் இதே பாதைதான். இலங்கை மலையகத்தில் காபித் தோட்டத் தமிழர்களுக்காக 1854-ல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. மலையாளப் புதிய ஏற்பாடு 1829-ல் அச்சானது கோட்டயத்தில். வண்டிப்பெரியாரிலிருந்து மேற்கே இறங்கும் ரோடு போய்ச் சேர்கிற ஊர் அது.

தலைகீழான கதையும் உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்து படித்தார். அங்கே புதியவர் அவர்தான்.

பாடப்புத்தகமாக அது உதவுமா?

ஒரு நன்மை நிச்சயம். அதிகாரமும் வசன எண்ணும் பெரும்பாலும் எல்லா மொழியிலும் ஒன்றே. இந்தியில் ஒரு வசனத்தைப் படித்துவிட்டு அதையே மலையாளத்திலோ இங்கிலீஷிலோ பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஏற்கெனவே அந்த நம்பிக்கையில் இருப்பவருக்குப் பாதி அர்த்தம் முன்பே தெரிந்திருக்கும்.

குறையும் பெரிது. பழைய மொழிபெயர்ப்புகளின் நடை கடைத்தெருவில் செல்லாது. பிடித்தம், ஓவர்டைம், ரேஷன் கார்டு போன்ற சொற்கள் அதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதற்கு எல்லை வகுத்தது 1977-ஆம் ஆண்டின் ஸ்டானிஸ்லாஸ் வழக்குத் தீர்ப்பு. தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லலாம். இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமை அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் கல்வி நிறுவனத்தில் ஒருவரை அவர் சம்மதமின்றி மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது. சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

அரசு வகுப்பு இருக்கிறதா?

இருக்கிறது. கேரள மாநில எழுத்தறிவு இயக்கத்தின் ‘சங்ஙாதி’ (நண்பன்) திட்டம் 2017-ல் பெரும்பாவூரில் தொடங்கியது. பாடநூலின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’. பிள்ளைகளுக்காக எர்ணாகுளம் மாவட்டத்தில் அதே ஆண்டு வந்தது ‘ரோஷ்ணி’. பிள்ளையின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவர் வகுப்பில் இருந்து, அந்த மொழியிலிருந்து மலையாளத்துக்கு மெதுவாகக் கூட்டிப்போவதுதான் அதன் முறை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கானது. இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பின்னால் இருக்கிற அதே நியாயம் இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

நீங்கள் இதில் எங்கே வருகிறீர்கள்?

இரண்டு இடத்தில். வெளிநாட்டு வேலைக்குப் போனால் நீங்களே அந்தப் புதியவர். கனடா 1992 முதல் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு இலவச மொழி வகுப்பு நடத்துகிறது. தற்காலிக விசாவில் போனவர்களுக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கு சர்ச் வகுப்பு ஒரு வழி. சேரும் முன் கேளுங்கள்: பைபிள் நேரம் தனியா? அதற்கு உட்காராமல் போகலாமா?

ஊரில் லீவுக்கு வந்து வகுப்பு எடுக்க ஆசைப்பட்டால், எந்த அமைப்பின் கூடமாக இருந்தாலும், மூன்று விஷயம் போதும்.

- மத வகுப்பு உண்டு என்றால் முதல் நாளே கற்பவரின் மொழியில் சொல்லுங்கள். மொழி வகுப்பு முடிந்த பிறகு, தனி நேரத்தில் வையுங்கள்.
- முதல் பாடம் அவர் பையில் இருக்கிற காகிதம்: சம்பளச் சீட்டு, மருந்துச் சீட்டு, பள்ளி நோட்டீஸ்.
- பண்டிகை முடிந்ததும் வகுப்பை நிறுத்தாதீர்கள். டிசம்பரில் நாலு நாள் படித்தது பொங்கலுக்குள் மறந்துபோகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த மொழியில் தொடங்குவது என்று குழப்பமா? அதை அவரிடமே கேளுங்கள். இங்கிலீஷ் வேண்டும் என்று சொல்லலாம். ‘டாக்டரிடம் பேச மலையாளம் போதும்’ என்றும் சொல்லலாம்.