ஆகாயமும் சக்கரமும்

மோட்டார் காரில் வழி காட்டும் சாதனம் முழுவதும் செயற்கைக்கோள்களின் கொடையே என்று இன்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அதன் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவருக்கு, அது பூமியிலே பிறந்து வளர்ந்து, பின்னரே ஆகாயத்தின் துணையைப் பெற்றது என்பது விளங்கும்.

1981-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் தன் அக்கார்டு காரில் பொருத்தித் தந்த ‘எலெக்ட்ரோ கைரோகேட்டர்’ ஆகாயத்திலிருந்து எந்தச் சமிக்ஞையையும் எதிர்பார்த்ததில்லை. ஹீலியம் வாயுவால் இயங்கிய கைராஸ்கோப் கார் எப்பக்கம் எவ்வளவு திரும்பிற்று என்பதை அறிவிக்க, சக்கரத்தின் ஓட்டத்தைக் கொண்டு கடந்த தூரம் கணக்காக, இவ்விரண்டையும் சேர்த்தே அது இடத்தை நிர்ணயித்தது. காரோட்டுபவர் ஒளி ஊடுருவும் தேசப்படத் தாள் ஒன்றைச் சிறு திரையின் முன் செருகி, புறப்படும் இடத்தைத் தம் கையாலேயே பொருத்தி வைக்க வேண்டும். அதன்பின் ஒளிப்புள்ளி ஒன்று, அச்சிட்ட சாலையின்மேல் மெல்ல ஊர்ந்து செல்லும். பிரயாணம் நீள நீளச் சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும் என்பதே அதன் குறை. 1985-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘ஈடாக்’ என்னும் சாதனம், காந்த நாடாவில் பதித்த தேசப்படத்தின் சாலை வளைவுகளோடு காரின் போக்கை ஒப்பிட்டு, அக்குறையைப் பெரிதும் திருத்திற்று.

இதற்கிடையே ஆகாயத்தில் வேறொரு முயற்சி, வேறொரு நோக்கத்தோடு நடந்து வந்தது. 1957-இல் சோவியத் ருஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் அனுப்பிய வானொலிச் சமிக்ஞையின் அலைவெண் மாறுவதைக் கவனித்து, அதன் பாதையைக் கணித்த அமெரிக்க விஞ்ஞானிகளின் முயற்சியிலிருந்து, நீர்மூழ்கிக் கப்பல்கள் தம் இடத்தை அறிய உதவும் ‘டிரான்சிட்’ பிறந்தது. அதற்கு அடுத்த தலைமுறையாக 1973-இல் திட்டமிடப்பட்ட ஜி.பி.எஸ். முறையின் முதற் கோள் 1978-இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் ஒவ்வொரு கோளும், தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் இடையறாது அறிவிக்கிறது. சமிக்ஞை வந்து சேரப் பிடித்த காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும் கருவிக்கு, இடத்தை அறிய மூன்று கோள்கள் போதுமெனினும், அதன் எளிய கடிகாரத்தின் பிழையை நீக்க நான்காவது ஒன்றும் அவசியமாகிறது; ஏனெனில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும், தூரம் 300 மீட்டர் தவறிவிடும்.

1990-இல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ இம்முறையைக் காரினுள் கொணர்ந்தது. எனினும் ராணுவக் காரணங்களை முன்னிட்டு, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தமையால், கணிப்பு 100 மீட்டர் வரை விலகக்கூடும். அடுத்தடுத்த தெருக்களில் எதில் கார் செல்கிறது என்பதைக் கோள்களைக் கொண்டு மட்டும் துணிய இயலாத அந்நாளில், பழைய கைராஸ்கோப்பும் சக்கரக் கணக்கும் தேசப்பட ஒப்பீடுமே கைகொடுத்தன. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்ட பின்னரே, விலை குறைந்த சிறு கருவிகளும் நம்பத்தக்கவை ஆயின.

இன்றும் கார் சுரங்கப்பாதையுள் நுழைந்து சமிக்ஞை அற்றுப்போகும்போது, காரிலேயே பொருத்திய சாதனங்கள் பல, 1981-இன் அதே உபாயத்தைக் கொண்டே இடத்தைக் கணித்துச் செல்கின்றன. ஆகவே, இவ்வழிகாட்டியை ஆகாயம் ஒன்றே படைத்தது என்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சக்கரத்தின் ஓட்டத்தைக் கணக்கிட்டவர்களுக்கும் சாலைகளைப் படமாக்கியவர்களுக்கும் அப்பெருமையில் சரிபாதி உண்டு.