போர்க்களத்திற் சிதைந்த அவயவங்களும் சத்திரசிகிச்சையும்

போரின் வரலாற்றை எழுதுவோர் வெற்றி தோல்விகளை விரித்துரைப்பர். களத்திற் கையுங் காலுஞ் சிதைந்து வீழ்ந்த வீரனுக்குப் பின்னர் நேர்ந்தது யாது என்பதை அறிய மருத்துவ வரலாற்றையே நாடவேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சத்திரவைத்தியர், சிதைந்த அவயவத்தைத் துண்டித்தபின் குருதிப்பெருக்கை நிறுத்துதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் வெட்டுவாயைச் சுட்டனர். பிரான்சிய சேனையிற் பணிபுரிந்த அம்புறோயிஸ் பாரே 1552ஆம் ஆண்டில் அக்கொடிய முறையை விடுத்து, நாடிகளை நூலினாற் கட்டினார். நூலினாற் கட்டுதல் பண்டையோர் அறிந்ததே. அவயவந் துண்டிக்கும்பொழுது அதனைக் கையாண்டமையே அவர் செய்த புதுமை.

நெப்போலியனின் சேனை வைத்தியரான லரே, காயமுற்றோரை விரைந்தோடும் குதிரை வண்டிகளிற் களத்தினின்றும் அகற்ற ஒழுங்கு செய்தார். துண்டிக்கவேண்டிய அவயவத்தை 24 மணி நேரத்துள் துண்டித்தலே நன்றென்பது அவர் கொள்கை. ஆயினும், உயிருக்கு விலையாக அவயவமே கொடுக்கப்பட்டது.

நாடியைக் கட்டினாற் குருதி வெளியேறாது. ஆனால் அப்பாலுள்ள தசைக்கும் அது செல்லாது. அறுந்த நாடியின் இருமுனைகளையும் தைத்துப் பொருத்தும் முறையை அலெக்சிஸ் கரல் 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார்.

அங்ஙனமாயின், இரண்டாம் உலகப் போரில் அம்முறை பெரிதும் பயன்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? அமெரிக்கப் போர்வீரரின் 2,471 நாடிக் காயங்களை டிபேக்கியும் சிமியோனும் ஆராய்ந்து 1946இல் எழுதினர். தைக்கப்பட்டவை 81 மட்டுமே. நாடி கட்டப்பட்டோருள் நூற்றுக்கு 49 பேர் அவயவத்தை இழந்தனர். அறிவின்மை இதற்குக் காரணமன்று. காலங் கடந்தமையே முதன்மையான காரணம். குருதியின்றித் தசை ஏறக்குறைய ஆறு மணி நேரமே தாங்கும். காயமுற்றோர் சத்திரவைத்தியரை அடையவோ பெரும்பாலும் பத்து மணி நேரத்துக்கு மேற் சென்றது.

1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரில் ஹெலிகொப்டர்கள் காயமுற்றோரை விரைவிற் கொணர்ந்தன. சத்திரசிகிச்சைக் கூடங்களும் களத்தை அண்மி அமைந்தன. அங்கு நாடி தைக்கப்பட்டோருள் அவயவம் இழந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேரே.

கரல் கண்ட தையல், லரே நாடிய விரைவோடு சேர்ந்தபொழுதே வீரனின் கால் பிழைத்தது. நூலில் உறையும் அறிவு, உரிய காலத்தில் துன்புறுவோனைச் சென்றடைந்தாலன்றிப் பயன் தராது. கற்போர் மறவாது போற்றவேண்டிய பாடம் இதுவாகும்.